முள்காட்டு அரிவாள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் நடுவில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. அரிவாள் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் வாயில் வருகிற ஊர். 2005இல் 'திருப்பாச்சி' படம் வந்த பிறகு அந்தப் பெயரில் கொஞ்சம் சினிமா வாசனையும் ஒட்டிக்கொண்டது. அங்கே அரிவாள் வாங்க வருகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். வெளியூர்க்காரர் சுவரில் மாட்டியிருப்பதை அண்ணாந்து பார்ப்பார். பளபளவென்று, முதுகில் பூவேலையோடு, கை நீளத்துக்கு இருப்பதுதான் அவர் கண்ணில் படும். விறகுக்குப் போகிறவர் தரையில் கிடக்கும் குவியலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். வாயில் விரலை ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. கூர்மையை நாளைக்குக்கூட ஏற்றிக்கொள்ளலாம். பிறகு மாற்ற முடியாத சங்கதிகளைத்தான் அவர் தேடுகிறார்: வளைவு, எடை நிற்கிற இடம், இரும்பின் பதம், காம்பு பிடிக்குள் இறங்கியிருக்கும் விதம்.

வெட்டரிவாளை ரசிக்க இந்த இரண்டாவது ஆளின் வழிதான் சரி என்பது என் கட்சி. அரண்மனை வாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரசிக்கலாம், அதன் வேலை முடிந்துவிட்டது. அரிவாள் இன்னும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறது. எந்தச் செடியை வெட்டப் போகிறது என்று கேட்காமல் அதன் உருவத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வைகைக்குத் தெற்கே அந்தச் செடி பெரும்பாலும் சீமைக்கருவேலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்த இந்தச் செடி, இன்று சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துவைத்திருக்கிறது. அடிமரம் ஒன்றாக எழும்பாமல், தூரிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படரும். கணுவுக்குக் கணு முள். செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், ஏறினால் வீங்காமல் விடாது. கட்டையோ நல்ல வைரம். எரிந்தால் நின்று எரியும், கரிமூட்டம் போட்டால் கனமான கரி கொடுக்கும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது பொக்லைன்கள் இறங்கித் தூரோடு பிடுங்கின. அந்த அமளி ஓய்ந்த பிறகும், அடுப்புக்கும் கரிக்கும் கிளை கழிக்கிறவர் கையில் இருப்பது அரிவாள்தான்.

அந்தப் புதருக்குள் வெட்டு என்பது மூன்றாவது வேலை. முதலில் கிளையை எட்ட வேண்டும். பிறகு பின்னலிலிருந்து அதைப் பிரித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெட்டு. வெட்டிய கிளையை வெளியே இழுத்துப் போடுவது நாலாவது. இத்தனையும் கை முள்ளுக்குள் போகாமல் நடக்க வேண்டும். நேரான கத்தி இந்த நாலில் ஒன்றைத்தான் செய்யும். மூக்கு முன்பக்கம் வளைந்த அரிவாள் நாலையும் செய்யும். கிளைக்கு அந்தப்புறம் மூக்கைக் கொடுத்து இழுத்தால் கிளை வருகிறது. மணிக்கட்டைத் திருப்பி அதே இடத்தில் ஒரு போடு. முதுகால் தள்ளி ஒதுக்கினால் அடுத்த கிளை தெரிகிறது. மற்ற கையில் ஒரு கவைக்கம்பு இருந்தால் போதும், விரல் ஒரு முள்ளையும் தொட வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் மிரட்டலுக்காக வளைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிற அந்த மூக்கு, உண்மையில் கையை முள்ளுக்கு வெளியே நிறுத்திவைக்கிற ஏற்பாடு.

வெட்டுக்கும் வளைவு உதவுகிறது. நேரான அலகில் உருண்டைக் கிளை பட்டால், கோணம் கொஞ்சம் பிசகினாலும் கிளை நுனிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். வீசிய வேகம் மிச்சமிருக்க, கத்தி காலை நோக்கி வரும். உள்வளைவு உள்ள வாயில் வழுக்குகிற கிளை வளைவின் குழியில் வந்து மாட்டிக்கொள்கிறது. அங்கே வாய் கொஞ்சம் நம்மை நோக்கித் திரும்பியிருப்பதால், போடு விழுகிற அந்தக் கணத்திலேயே ஓர் இழுப்பும் சேர்ந்துவிடுகிறது. பச்சைக் கிளையில் நார் உயிரோடு இருக்கும். நேராக அழுத்தினால் அமுங்கிக்கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கும். இழுத்து அறுத்தால் விட்டுக்கொடுக்கும். பழகியவர்கள் கிளைக்குக் குறுக்கே நேராகப் போடாமல் சாய்த்துப் போடுவதும் இதனால்தான். அவர்கள் கையால் செய்கிற சாய்வில் பாதியை வளைவு தானாகவே செய்துவிடுகிறது.

ஆனால் வளைவு எவ்வளவு என்பதில்தான் நல்ல அரிவாளும் சுமாரான அரிவாளும் பிரிகின்றன. மூக்கு நீண்டு உள்ளே திரும்பிக் கிடந்தால் இழுக்க வசதி. ஆனால் போட்ட போடு முடிந்து அரிவாளைத் திரும்ப எடுக்கும்போது பக்கத்துக் கிளைகளில் மாட்டும். ஒவ்வொரு போடுக்கும் ஒரு முறை விடுவித்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் ஆள் சலித்துப்போவார். தரையில் கட்டையை வைத்துப் பிளக்கும்போதும் அந்த மூக்குதான் முதலில் மண்ணில் குத்தும். கல் இருந்தால் நுனி போயிற்று. மூக்கு குட்டையாக இருந்தால் அது வெறும் அலங்காரம், கிளை நழுவிவிடும். என் கண்ணுக்கு அலகின் முக்கால் பாகம் ஏறக்குறைய நேராக ஓடி, கடைசிக் கால் பாகத்தில் நிதானமாகத் திரும்பி, நுனி வாயின் நேர்க்கோட்டைவிட இரண்டு மூன்று விரல் முன்னால் நிற்பதுதான் அழகு. திரும்புகிற இடத்தில் மூலை இருக்கக் கூடாது. சில பட்டறைகளில் அவசரத்தில் பட்டையை வெட்டி மடக்கினாற்போல் ஒரு முறிப்புத் தெரியும். அந்த முறிப்பில் சாணை பிடிக்கவும் முடியாது, அதிர்ச்சியெல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்து ஒருநாள் விரிசலும் விடும்.

இனி எடை. வெட்டரிவாள் என்றால் கனமாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அய்யனார் கோயில்களில் நட்டுவைத்திருக்கிற ஆளுயர அரிவாள்களைப் பார்த்துப் பழகிய கண் காரணமாக இருக்கலாம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துகொண்டு செலுத்துகிற அரிவாள்களைத் தூக்க நாலு பேர் வேண்டும். அது சாமியின் கைக்கு அளவெடுத்தது. நம் கைக்குக் கணக்கு வேறு. வீச்சின் ஆற்றல் எடையோடு நேராகக் கூடும், வேகத்தோடு அதன் வர்க்கமாகக் கூடும். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரட்டித்தால் நாலு மடங்கு. கனத்தை ஏற்ற ஏற்ற கை மெதுவாகும், பத்தாவது போடுக்கு முன்பே வேகம் சரியத் தொடங்கும். மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளைகளை நாள் முழுக்கக் கழிக்கிறவருக்கு ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருப்பது போதும். அதற்கு மேல் தடித்த அடிமரம் வந்தால் கோடாலியை எடுக்க வேண்டும். கோடாலியின் வேலையையும் அரிவாளே செய்ய வேண்டும் என்று கேட்பவருக்குக் கிடைப்பது இரண்டு வேலைக்கும் உதவாத ஒரு பாரம்.

எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. அலகின் தட்டையான பக்கத்தை ஒரு விரலில் கிடத்தி நிறுத்திப் பாருங்கள். பிடிக்குப் பக்கத்திலேயே சமன்பட்டால் அது காய்கறிக் கத்தியின் குணம். வெட்டும்போது பாரம் முழுவதையும் தோள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பிடியைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் போய் நின்றால் அரிவாள் கையை இழுத்துக்கொண்டு போகும், தவறிய போடைப் பாதியில் நிறுத்த முடியாது. இரண்டுக்கும் நடுவில், பிடியிலிருந்து நாலைந்து விரல்கடை முன்னால் சமன்படுவதுதான் கைக்கு இதம். இதைச் சரிக்கட்ட நல்ல ஆசாரி இரண்டு வேலை செய்வார். பிடிப்பக்கம் முதுகைத் தடிமனாக, ஆறேழு மில்லிமீட்டர் விட்டு, நுனியை நோக்கிப் போகப் போக மெலிய அடிப்பார். வளைவு தொடங்கும் இடத்தில் அலகை அகலப்படுத்துவார். தடிமன் குறைகிற இடத்தில் அகலம் கூடுவதால் எடை முன்னால் போகிறது, ஆனால் நுனி பாரமாகத் தொங்குவதில்லை. அரிவாளை முதுகோரமாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இந்த மெலிவு தெரியும். பட்டையை இயந்திரத்தில் வெட்டி வாயை மட்டும் தேய்த்துவிட்ட அரிவாளில் முதுகு முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனாக ஓடும். இதைக் கண்டுபிடிக்க மூன்று விநாடி போதும். சம்மட்டி பட்டதா படவில்லையா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொரு சோதனை உண்டு, கடைக்காரர்கள் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள். பிடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து அரிவாளைத் தொங்கவிடுங்கள். முதுகில் ஒரு குச்சியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான இடங்களில் தட்டும்போது விரலில் ஒரு நடுக்கம் ஏறும். ஓரிடத்தில் மட்டும் நடுக்கம் அடங்கிப்போகும். அந்த இடத்தால் வெட்டினால் கை அதிராது, வீசிய பலம் முழுக்கக் கிளைக்குள் இறங்கும். நல்ல அரிவாளில் அந்த இடம் வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால், இயல்பாகக் கிளை வந்து விழுகிற இடத்திலேயே இருக்கும். தப்பாகச் செய்த அரிவாளில் அது நுனியிலோ நடுவிலோ போய் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் முழங்கை வலிக்கும்போது தெரியும். எந்தக் கணக்கும் போடாமல், அடித்து அடித்துத் தூக்கிப் பார்த்தே இதைக் கொண்டுவந்து சேர்க்கிற கையைப் பற்றி நினைத்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

இரும்புக்கு வருவோம். பெரும்பாலான பட்டறைகளில் மூலப்பொருள் லாரிப் பட்டை, அதாவது பழைய லாரியின் அடியில் வளைந்து கிடக்கும் ஸ்பிரிங் தகடு. அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி கலந்த எஃகு. பாரத்தை வாங்கி வளைந்து மறுபடி நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. வெட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடைப்பது அரிது. அதனால் 'லாரிப் பட்டையில செஞ்சது' என்று சொன்னாலே வாங்குகிறவர் மனம் நிறைந்துவிடுகிறது. இதில் ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சிய மறுநிமிஷமே அந்தப் பட்டை தன் பழைய பதத்தை மறந்துவிடுகிறது. பிறகு அதற்கு இருக்கப்போகும் பதம் முழுக்க இந்தப் பட்டறையில் கொடுக்கிற பதம்தான். கூடவே, பல லட்சம் கிலோமீட்டர் குலுங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். அதற்குத்தான் காதால் பார்க்கிற சோதனை: காம்பில் தொங்கவிட்டு அலகைச் சுண்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று பட்டென அடங்கினால் உள்ளே எங்கோ பிளவு என்று பொருள். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

பதம் வைக்கிற வேலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பட்டறை ஏன் அவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆசாரிக்கு வெப்பமானி அவர் கண்தான், வெளிச்சத்தில் அது ஏமாந்துபோகும். வெயிலில் மங்கலாகத் தெரிகிற சிவப்பு, நிழலில் பழுக்கக் காய்ந்த சிவப்பாகத் தெரியும். இரும்பு சுமார் 770 டிகிரியைத் தாண்டும்போது காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். எஃகைத் தோய்க்க வேண்டிய சூடு அதற்கும் கொஞ்சம் மேலே. இதைக் காந்தம் வைத்துச் சரிபார்க்கிற புதியவர்களும் இருக்கிறார்கள், நிறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுக்கிற பழையவர்களும் இருக்கிறார்கள். எடுத்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார்கள். முதுகு மெதுவாக ஆறுகிறது. இதனால் ஒரே அலகில் இரண்டு குணம்: கூரைத் தாங்குகிற கடினமான வாய், அடியைத் தாங்குகிற இளகிய முதுகு.

தோய்த்தவுடன் வாய் கண்ணாடிபோல் உடையக்கூடியதாக இருக்கும். அதைக் கொஞ்சம் இளக்க வேண்டும். ஓரிடத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார் ஆசாரி. வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், அது பழுப்பாகும், பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் சவரக்கத்திக்குப் பொருத்தமான விறைப்பு. கணுவில் பட்டால் வாய் பிசிறிக்கொண்டு தெறிக்கும். முழு நீலம் வரை விட்டால் வாய் மடங்கும். கருவேலங்கட்டைக்குப் பழுப்பு முடிந்து கத்தரிப்பூ நிறம் வருகிற அந்த இடத்தில் மறுபடி தண்ணீரில் முக்கி நிறுத்த வேண்டும். சில விநாடிகளுக்குள் எடுக்க வேண்டிய முடிவு. பேச்சுக்கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் அந்த நேரத்தில் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள்.

தெறிக்கிற வாயா, மடங்குகிற வாயா என்று கேட்டால் காட்டு வேலைக்கு நான் மடங்குகிறதையே எடுப்பேன். மடங்கியதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அரத்தால் நாலு இழு இழுத்து வேலையைத் தொடரலாம். தெறித்த பல்லைச் சரிசெய்ய அலகையே ஒரு நூல் தேய்த்துத் தள்ள வேண்டும். புத்தம்புது அரிவாளால் முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டுகிற கடைக்காரரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதும் இதையொட்டித்தான். அப்படி மெல்லிய வாய் முதல் கணுவிலேயே போய்விடும். வெட்டரிவாளின் வாய் கொஞ்சம் உப்பலாக, இரண்டு பக்கமும் சரிந்து வந்து சேர வேண்டும். அப்போதுதான் அது கட்டைக்குள் பிடித்துக்கொள்ளாமல் பிளந்துகொண்டு வெளியே வரும். இன்னொன்று, இப்போது எல்லாப் பட்டறையிலும் கிரைண்டர் வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், உடம்பு நோகாமல் வேலை முடிகிறது. ஆனால் வாயோரமாக நீலக் கறை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பதம் வைத்த பிறகு அவசரமாகத் தேய்த்துச் சூடேறிய இடம் அது, அங்கே பதம் பறந்துவிட்டது. கண்ணாடிபோல் பாலீஷ் போட்ட அரிவாளில் அந்தக் கறையையும் தேய்த்து மறைத்துவிடுவார்கள் என்பதால், கருக்கலோடு இருக்கிற அரிவாள்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இந்த உலையில் எரிகிற கரி பல இடங்களில் சீமைக்கருவேலக் கரிதான். அரிவாள் வெட்டிய மரமே அடுத்த அரிவாளைக் காய்ச்சுகிறது.

பிடியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, கை கொப்பளிப்பது அதனால்தான் என்றபோதும். மலிவான அரிவாள்களில் இரும்புக் குழாயையே பிடியாகப் பற்றவைத்திருப்பார்கள். உடையாது, அந்த ஒரு நன்மைதான். வெயிலில் சுடும், வியர்வையில் வழுக்கும், ஒவ்வொரு அடியின் அதிர்வையும் எலும்புக்கு அனுப்பும். வாங்கியவர் மறுநாளே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்வார். மரப்பிடியில் பார்க்க வேண்டியது நார் நேராக ஓடுகிறதா என்பது. வாகையோ புளியோ எதுவானாலும், நார் குறுக்கே வெளியேறுகிற பிடி அந்தக் கோட்டிலேயே ஒருநாள் பிளக்கும். காம்பைப் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்கினால் அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எரித்து எடுத்துக்கொள்ளும். அலகுப்பக்கம் ஒரு பூண் போட்டு, பின்புறம் எட்டிப் பார்க்கும் காம்பின் நுனியை மடக்கி அடித்துவிட்டால் அது கழன்று பறக்காது. காம்பு பாதிப் பிடியோடு நின்றுவிட்ட அரிவாளை, எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும், ஓங்கி வீசப் பயப்பட வேண்டியதுதான்.

பிடியின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கக் கூடாது. உருண்டைப் பிடி கைக்குள் உருளும்; வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியாது. முட்டை வடிவத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். கடைசியில் சுண்டுவிரலுக்கு ஒரு புடைப்பு வேண்டும், வீச்சின் உச்சத்தில் அரிவாள் கையை விட்டுப் போகப் பார்க்கும்போது பிடித்து நிறுத்துவது அதுதான். வார்னிஷ் அடித்த பிடியை வாங்கினால் அதைச் சுரண்டிவிட்டு விளக்கெண்ணெய் தேய்ப்பது முதல் வேலை.

மற்ற நாட்டுக் கத்திகளோடு வைத்துப் பார்க்கும்போது இந்த வடிவத்தின் பிடிவாதம் இன்னும் நன்றாகப் புரிகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826இல் தொடங்கிய காலின்ஸ் கம்பெனி, லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுப்பிய மச்செட்டிகள் நீளமான, மெல்லிய, ஏறக்குறைய நேரான தகடுகள். கரும்புக்கும் கொடிக்கும் புல்லுக்கும் வேகம் போதும், கனம் வேண்டாம். அவற்றைக் கொண்டுவந்து கருவேலத்தில் போட்டால் தகடு அதிர்ந்து துள்ளும். மலாய்க்காரர்களின் பாராங் கத்தியில் வாய் வெளிப்பக்கம் உப்பியிருக்கிறது. ஈரக்காட்டின் பச்சை மரத்தில் அது ஆழமாக இறங்குகிறது. நேபாளத்துக் குக்ரி நமக்குக் கொஞ்சம் சொந்தம். வாயை நோக்கி வளைந்தது, எடையை முன்னால் தள்ளியது, வாயை மட்டும் கடினமாக்குவதற்கு அங்கே கெண்டியால் தண்ணீரை வாயோரமாக ஊற்றிக்கொண்டே போவார்கள். வெட்டில் அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் அதன் நுனி குத்துவதற்கு ஏற்றபடி கூர்ந்து நிமிர்ந்துவிடுகிறது, கிளையை இழுத்துத் தர அது வராது. பிடியின் நடுவில் ஓடும் வளையமும் நீண்ட வேலையில் விரலை உறுத்தும்.

முகாம்போட்டுத் தங்குகிறவர்களுக்கென்று ஆன்லைனில் விற்கிற கறுப்புக் கத்திகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதுகில் ரம்பப் பற்கள் வைத்திருப்பார்கள், அவை அறுக்காது; அந்த முதுகைக் கட்டையால் தட்டிப் பிளக்கவும் விடாது. பிடிக்குள் ஓட்டைபோட்டுத் தீப்பெட்டி வைக்க இடம் விட்டிருப்பார்கள், உடைவது அந்த இடத்தில்.

நம் அரிவாளுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அதற்கு உறை கிடையாது. உள்வளைவும் மூக்கும் இருக்கிற அலகை எந்த உறைக்குள் நுழைப்பது? சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டுகிறார்கள், சிலர் இடுப்புக் கயிற்றில் பின்பக்கம் செருகுகிறார்கள். விழுந்தால் முதலில் வெட்டுவது வைத்திருந்தவரைத்தான். குடகர்கள் அகன்று வளைந்த தங்கள் ஒடிக்கத்திக்கு உறைபோடாமல், இடுப்புக்குப் பின்னால் ஒரு பித்தளைக் கொக்கி வைத்து அதில் மாட்டிக்கொள்கிறார்கள். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைப் பெட்டிக்குள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரமேறுகிறார்கள். அது சீவுகிற கருவி, சிறியது, பெட்டிக்குள் அடங்குகிறது. வெட்டரிவாளுக்கு மட்டும் இத்தனை காலமாக யாரும் ஒரு வழி செய்யவில்லை. வாயைமட்டும் மூடுகிற பிளந்த மூங்கிலோ ரப்பர்க் குழாயோ போட்டுக் கயிற்றால் கட்டிவிடலாம். சொன்னால் சிரிக்கிறார்கள்.

உறையில்லாமல் கொண்டுபோவதில் இப்போது வேறு சங்கடமும் இருக்கிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய அலகுகளை ஆயுத விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு. அளவைமட்டும் பார்த்தால் எல்லா வெட்டரிவாளும் கோட்டைத் தாண்டியதுதான், காப்பாற்றுவது அதன் வேலை. 2021இல் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்துவைக்கச் சொல்லிப் பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. வடிவம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடும். ஆளை வெட்ட நினைத்துச் செய்கிற வீச்சரிவாள் நீண்டு, மெலிந்து, வளைவு தளர்ந்து இருக்கும். கருவேலத்தில் நாலு போடு போட்டால் அதன் பவிசு தெரிந்துவிடும். விறகுக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. உள்வளைவில் தட்டையான சாணைக்கல் படியாது. ஒடுங்கிய கல்லையோ அரைவட்ட அரத்தையோ வைத்து வளைவோடு போக வேண்டும். பச்சைமரப் பால் பட்டு அலகு கறுத்துக்கொண்டு வரும். அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், துருவுக்கு அது ஓரளவு தடுப்பு. வேலை முடிந்ததும் துடைத்து, இருக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு.

வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட அகலம் குறையும். முன்னால் நின்ற எடை கரைந்து, சமன்படுகிற இடம் பிடியை நோக்கி நகர்ந்து வரும். ஒருநாள் அது கட்டைக்கு உதவாது என்று தெரிந்துவிடும். அதற்காக யாரும் அதை எடைக்குப் போடுவதில்லை. லேசாகிவிட்ட அந்த அரிவாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும், தென்னை மட்டை சீவவும், வேலியோரத்தைச் சுத்தம் செய்யவும் போகிறது. நல்ல பதம் வைத்த இரும்பாக இருந்தால் இந்த இரண்டாம் உத்தியோகத்தில்தான் அது அதிகக் காலம் இருக்கும். ஆடு வளர்க்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள்: புது அரிவாளை இரவல் கொடுப்பார்கள், அந்தப் பழையதைக் கொடுக்க மாட்டார்கள்.